மார்பிள் மாதிரி

தக்கலை தாண்டி ரோட்டோரத்தில் கல்லுக்கடை.
பலகைகள் சாய்ந்து நிற்கின்றன,
எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் போல.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர்.

ஷிபு ஈரத்துணியால் தூசியைத் துடைத்தான்.
வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நரம்பு ஒன்று வந்தது.
"இத்தாலி மார்பிள் மாதிரி, அக்கா. மார்பிள் இல்ல, குவார்ட்ஸ்.
மஞ்சள் பிடிக்காது. எலுமிச்சை அரிக்காது."
உள்ளங்கையளவு துண்டு ஒன்றையும் நீட்டினான்:
"இது மாதிரி."
மாதிரியின் மாதிரி.

பெருவிரலை நரம்பின் மேல் வைத்தேன்.
பழக்கம்.
குவைத்தில் பதினாறு வருடம்,
எத்தனை முன்கைகள்.
சிலருக்கு உருளும், சிலருக்கு ஒளிந்துகொள்ளும்,
வயசாளிகளுக்கு ஊசி பட்டதும் உடையும்.
அழுத்தி விட்டால் திரும்ப எழும்ப வேண்டும்,
அதுதான் நல்ல நரம்பு.
இது அமுங்கவே இல்லை.

"சூடு?" என்றேன்.
பிடரியைச் சொறிந்தான்.
"சூட்டோட சட்டிய நேரா வச்சிரப்பிடாது.
உள்ள பசை உண்டு பாத்தியளா, மஞ்சளிச்சு போவும்."
அப்படியானால்
மஞ்சள் பிடிக்காது,
மஞ்சளிக்கும்.

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.
நேற்றைய சாளைக்கறி, குடம்புளி போட்டது.
மாதிரித் துண்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு
கால் மணி நேரம் என்றேன்.
ஷிபு இரண்டு சாயா சொன்னான்.
ரோட்டில் டிப்பர்கள்.
தார்ப்பாய் போர்த்திய மலை ஒன்று
துண்டு துண்டாக எங்களைக் கடந்து மேற்கே போனது.
அதற்கு யாரும் மாதிரி கேட்டதாகத் தெரியவில்லை.

டிப்போவிலிருந்து வில்பிரட் கூப்பிட்டார்.
"கறுப்பு கிரானைட் போடு. பாதி விலை.
நம்ம அடுக்களைக்கு அதான் கொள்ளாம்,
அழுக்கு தெரியாது."
அழுக்கு தெரியணும், என்றேன்.
அந்தப் பக்கம் பஸ் ஒன்று உறுமியது.
என்ன புரிந்ததோ,
"செரி, உனக்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

சால்மியாவில் ஆறு பேருக்கு ஒரு அடுக்களை.
இரண்டரை அடி ஸ்டீல் மேடை,
கதவில் ஒட்டிய டைம் டேபிள்.
செவ்வாய் ராத்திரி பதினொன்று முதல் பதினொன்றரை
என் பெயர்.
மேடையில் ஒரு கடுகு விட்டுப்போனாலும்
மறுநாள் கதவில் சீட்டு இருக்கும்.
தட்டை மடியில் வைத்துத் தின்று முடிப்பதற்குள்
கோட்டயத்துக்காரி லீலாம்மா
வாசலில் வெங்காயத்தோடு நிற்பாள்.
நல்லவள்தான்.
ஆனால் நிற்பாள்.

கறியைத் துடைத்துப் பார்த்தோம். கறை இல்லை.
பலகையின் மேல் ஷிபு அளவு வரைந்தான்.
பெரிய நரம்பு நேராக சிங்க்கின் ஓட்டைக்குள் விழுந்தது,
வெட்டினால் போய்விடும்.
"ஒரு முழம் இடத்தால தள்ளு."
"வேஸ்ட் வரும் அக்கா."
"வரட்டும்."
பென்சில் கோட்டை எச்சில் தொட்டு அழித்தான்.

"உயரம் முப்பது இஞ்ச் போதும் இல்லியா? எல்லாருக்கும் அதான்."
முப்பத்தி நாலு.
எத்தனையோ பேரைத் தூக்கிப் புரட்டிய முதுகு இது.
இனி குனியாது.

போட்டு முடித்த அன்று கிளாடிஸ் வந்து தடவிப் பார்த்தாள்.
"மார்பிளா?"
"மார்பிள் மாதிரி."
"நானும் நெனச்சேன்," என்றாள்.
என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு.
உடம்பு இன்னும் நைட் டியூட்டியில் இருக்கிறது.
கட்டன் சாயா போட்டேன்.
பிரிமணையைத் தேடவில்லை.
தம்ளரை நேராகக் கல்லின் மேல் வைத்தேன்,
பயந்து எடுத்தேன்.
நரம்பின் குறுக்கே ஆவி வட்டம் ஒன்று.
அது காயும்வரை நின்றேன்.
பிறகும் நின்றேன்.
வாசலில் யாரும் இல்லை.